போர் ஓவரை நிறுத்த வேண்டாம், முதலில் கெட்டிலைப் பாருங்கள்

கேள்வி: அக்கா, வணக்கம். கொடைக்கானலில் ஏரிக்குப் போகிற வழியில் நானும் தங்கையும் ஒரு சின்ன கஃபே நடத்துகிறோம், இரண்டு வருடம் ஆகிறது. பால் காபி எல்லாம் எஸ்பிரெசோ மெஷினில் போய்விடும், அதில் பிரச்சினை இல்லை. கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வி60 போர் ஓவர்தான், அதாவது டிரிப்பர் என்கிற கூம்பு வடிகட்டியில் பேப்பர் வைத்து, தூள் மேல் வெந்நீரைக் கையால் ஊற்றி வடிக்கிற காபி. நான்கு வகைக் கொட்டை வைத்திருக்கிறோம், யூடியூபில் பார்த்துப் பழகிய, ஐந்து தடவையாகத் தண்ணீர் ஊற்றும் 4:6 முறையில் நானே போடுகிறேன். வார நாளில் எட்டு பத்து கப், அருமையாக வருகிறது. சனி, ஞாயிறு காலை 10லிருந்து 1 மணிக்குள் மட்டும் 40 ஆர்டர் வரை வந்துவிடுகிறது. ஒரு கப்புக்கு ஆறு ஏழு நிமிடம் ஆகிறது, பால் காபி கேட்டவர்களும் சேர்ந்து நிற்கிறார்கள், போன வாரம் மூன்று பேர் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அவசரத்தில் ருசியும் கப்புக்குக் கப் மாறுகிறது. சீசன் முடியும்வரை போர் ஓவரை நிறுத்திவிடலாம் என்கிறாள் தங்கை. இருக்கிற நான்கு டிரிப்பரோடு இன்னும் இரண்டு வாங்கலாமா, இல்லை தானாக ஊற்றும் மெஷின் வாங்கலாமா என்று நான் யோசிக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, நிறுத்தாதீர்கள். டிரிப்பரும் வாங்க வேண்டாம், மெஷினும் வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த சந்தேகம் கெட்டில் மேல்தான், அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கணக்கு.

மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். 40 கப் போட வேண்டுமானால் நாலரை நிமிடத்துக்கு ஒரு கப் வெளியே போக வேண்டும். நீங்கள் ஆறரை எடுக்கிறீர்கள். ஒவ்வொரு கப்பிலும் இரண்டு நிமிடம் பின்னால் விழுகிறீர்கள், பத்தாவது ஸ்லிப் வரும்போது 20 நிமிடம் கடன். மூன்று பேர் காசைத் திருப்பிக் கேட்டது அதனால்தான், உங்கள் காபியில் குறை இருந்ததால் என்று நினைத்து மனம் நொந்துகொள்ள வேண்டாம்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். கூட்டமில்லாத ஒரு நாள் தங்கையிடம் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து நீங்கள் ஒரு கப் போடுவதை அளக்கச் சொல்லுங்கள், ஆனால் மொத்த நேரத்தை அளக்க வேண்டாம், உங்கள் கை வேலை செய்யும்போது மட்டும் ஓடட்டும், சும்மா நின்று பார்க்கும்போது நிறுத்திவிடட்டும். நான் பயிற்சி கொடுத்த கடைகளில் இதைச் செய்து பார்த்தபோதெல்லாம் ஆறு நிமிடக் கப்பில் நிஜமான கைவேலை இரண்டரை நிமிடத்தைத் தாண்டியதில்லை. அதிலும் தண்ணீர் ஊற்றுவது 50, 60 விநாடிதான். மீதியெல்லாம் கொட்டை டப்பாவைத் தேடுவது, எடை போடுவது, பேப்பர் மடிப்பது, கெட்டில் சுடும்வரை நிற்பது, வடியும்வரை நிற்பது. போர் ஓவர் மெதுவான காபி என்று எல்லோரும் சொல்கிறோம், வடிவது இரண்டே முக்கால் நிமிடம்தான், அதைச் சுற்றி நாம்தான் நாலு நிமிடம் சேர்த்து வைத்திருக்கிறோம்.

சரி, கெட்டில். நீங்கள் வைத்திருப்பது வளைந்த மூக்கு எலெக்ட்ரிக் கெட்டில் என்று வைத்துக்கொள்கிறேன், பெரும்பாலும் 900 மில்லி அல்லது ஒரு லிட்டர், 1,200 வாட் அளவில் இருக்கும். கொடைக்கானல் காலையில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி இருந்தாலே அதிகம். அந்தத் தண்ணீர் ஒரு லிட்டரை 1,200 வாட்டில் கொதிநிலைக்குக் கொண்டுபோகக் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் ஆகும், இது இயற்பியல் கணக்கு, எந்தக் கம்பெனி கெட்டில் வாங்கினாலும் மாறாது. 4:6 முறையில் ஒரு கப்புக்கு 300 கிராம் தண்ணீர், பேப்பர் நனைக்க இன்னொரு 100. ஆக இரண்டு கப் போட்டதும் கெட்டில் காலி, திரும்ப நிரப்பினால் ஐந்து நிமிடக் காத்திருப்பு. பொறுக்க முடியாமல் 85 டிகிரியிலேயே எடுத்து ஊற்றியிருப்பீர்கள், அந்தக் கப் புளிப்பாகவும் தண்ணியாகவும் வந்திருக்கும். ருசி மாறுகிறது என்றீர்களே, பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். இந்த நிலைமையில் இன்னும் இரண்டு டிரிப்பர் வாங்கினால் வெந்நீருக்காகக் காத்திருக்கும் டிரிப்பர்களின் எண்ணிக்கைதான் கூடும்.

உங்கள் ஊருக்கே உரிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம், அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் போடும் வீடியோவைப் பார்த்து நீங்கள் கெட்டிலை 96ல் வைத்திருந்தால் அது அந்த அளவை எட்டவே எட்டாது, அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும், ஆவியாகித் தண்ணீர் குறையும், மூக்கு வழியாகத் துப்பவும் செய்யும், கையும் சுடும். 91 அல்லது 92ல் வையுங்கள், ஸ்டாண்டை விட்டு எடுத்த கையோடு ஊற்றுங்கள். அங்கே கொதித்த தண்ணீரை ஆறவைக்கத் தேவையே இல்லை. ரொம்ப லைட் ரோஸ்ட் கொட்டை உங்கள் உயரத்தில் முழுசாகச் சாறு இறங்காமல் போக வாய்ப்பு அதிகம், ரோஸ்ட் செய்து தருபவரிடம் ஒரு படி கூடுதலாக வறுக்கச் சொல்லுங்கள்.

தீர்வு நம் டீக்கடையிலேயே இருக்கிறது. டீ மாஸ்டர் 30 விநாடியில் ஒரு டீ போடுவது எப்படி? அவர் எப்போதாவது தண்ணீர் சுடுவதற்காக நின்று பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தில் பாய்லர் விடியற்காலையிலிருந்து கொதித்துக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கும் அதுதான் வேண்டும்: குழாய் வைத்த 10 லிட்டர் வெந்நீர் பாய்லர் ஒன்று. கெட்டிலை அதிலிருந்து நிரப்புங்கள், ஸ்டாண்டில் வைத்தால் மூன்று நாலு டிகிரி ஏற்றினால் போதும், அரை நிமிட வேலை. பேப்பரை நனைக்க, கப்பைச் சூடாக்க, கெட்டில் தண்ணீரைத் தொடாமல் பாய்லர் தண்ணீரையே பயன்படுத்துங்கள். எலெக்ட்ரிக் பாய்லர் என்றால் 16 ஆம்பியர் தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரே 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு கெட்டில் செருகினால் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பலகை சூடாகும், அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். மலையில் கரண்ட் போவதும் வருவதும் சகஜம் என்பதால் கேஸ் பாய்லராக இருந்தால் இன்னும் நல்லது. எஸ்பிரெசோ மெஷினின் வெந்நீர்க் குழாயிலிருந்து பிடித்தால் என்ன என்று கேட்பீர்கள். பல மெஷின்களில் அந்தத் தண்ணீர் ஸ்டீம் பாய்லரில் மணிக்கணக்காகக் கொதித்து உப்பு திரண்டு கிடப்பது, பால் சேராத காபியில் அது நாக்கில் தெரியும். வேண்டாம்.

அடுத்து 4:6. ஜப்பானைச் சேர்ந்த டெட்சு கசுயா 2016ல் காபி வடிக்கும் போட்டியான உலக ப்ரூவர்ஸ் கோப்பையை வென்றது அந்த முறையில்தான், எனக்கும் ரொம்பப் பிடித்த முறை. 20 கிராம் தூள், 300 கிராம் தண்ணீர், 60 கிராமாக ஐந்து தடவை, 45 விநாடிக்கு ஒருமுறை. முதல் இரண்டு ஊற்று இனிப்பு புளிப்பைத் தீர்மானிக்கும், மீதி மூன்றும் திடத்தைத் தீர்மானிக்கும், 120க்கு 180, அதுதான் நாலும் ஆறும். யோசித்துப் பாருங்கள், அது ஒரு மேடையில் நடுவர்களுக்காக நின்று போடுகிற காபி. உங்கள் கடையில் ஐந்து ஊற்று என்றால் ஒரு கப்புக்கு ஐந்து தடவை நீங்கள் அந்த டிரிப்பருக்குத் திரும்பி வர வேண்டும், மூன்று நிமிடத்துக்கு அந்த இடத்தை விட்டு நகர முடியாது. வார நாளில் தாராளமாகப் போடுங்கள். சனி, ஞாயிறு காலைக்கு வேறு ஒரு அளவு வேண்டும்.

நான் கூட்ட நேரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது இது. 15 கிராம் தூள், 250 கிராம் தண்ணீர், மூன்றே ஊற்று. முதலில் 45 கிராம் ஊற்றித் தூளை உப்ப விடுங்கள். 40ஆவது விநாடியில் 150 வரை. 1 நிமிடம் 20 விநாடியில் 250 வரை. இரண்டே முக்கால் நிமிடத்தில் வடிந்துவிட வேண்டும், தூளில் 30 கிராம் தண்ணீர் நின்றதுபோக 220 கிராம் காபி கிடைக்கும். ஊற்று குறைந்தால் சாறு இறங்குவதும் கொஞ்சம் குறையும், அதனால் 4:6க்கு அரைக்கிற கொரகொரப்பை விட்டு ஒன்றிரண்டு படி சன்னமாக அரையுங்கள். மூன்றரை நிமிடத்துக்கு இழுத்தால் ஒரு படி பின்னால் போங்கள்.

இதில் 40 விநாடி இடைவெளியை நான் சும்மா வைக்கவில்லை. ஒவ்வொரு ஊற்றும் 20 விநாடிக்குள் முடிகிறது, அப்புறம் 20 விநாடி உங்கள் கை சும்மா இருக்கிறது. அந்த 20 விநாடியில் இரண்டாவது டிரிப்பர் கச்சிதமாக உட்காரும். முதல் டிரிப்பரைக் கடிகாரம் 0ல் தொடங்குங்கள், இரண்டாவதை 20ல். 40ல் முதலாவதற்கு இரண்டாம் ஊற்று, 1:00ல் இரண்டாவதற்கு. 1:20ல் முதலாவதற்குக் கடைசி, 1:40ல் இரண்டாவதற்குக் கடைசி. 2:00ல் கெட்டிலைக் கீழே வைத்துவிடலாம். எப்போதும் 20ன் மடங்கில் கை மாறிக்கொண்டே இருக்கும், ஒரு காலைப்பொழுது பழகினால் தாளம் மாதிரி உடம்பில் ஏறிவிடும். இரண்டு தராசு வேண்டும், ஆனால் தராசில் இருக்கிற டைமர்களைப் பார்க்காதீர்கள், இரண்டு ஓடினால் குழப்பம். கண் மட்டத்தில் ஒரே ஒரு பெரிய டைமர், இரண்டு டிரிப்பருக்கும் அதுவே கடிகாரம்.

2:00லிருந்து வடிந்து முடியும்வரை இருக்கிற ஒரு நிமிடத்தில்தான் அடுத்த ஜோடி தயாராக வேண்டும். உங்களிடம் இருக்கிற மற்ற இரண்டு டிரிப்பரில் பேப்பர் போட்டு நனைத்து வைத்திருப்பீர்கள், அடுத்த இரண்டு அளவைக் கிரைண்டரில் போடுங்கள், முதல் கப்பை எடுத்துக் கொடுங்கள், இரண்டாவதைக் கொடுங்கள், கெட்டிலைப் பாய்லரில் நிரப்புங்கள், திரும்ப 0. சுற்றுக்கு நாலு நிமிடம், இரண்டு கப். கணக்குப்படி மணிக்கு 30, ஆனால் யாராவது வழி கேட்பார்கள், பேப்பர் கிழியும், கப் தட்டிவிடும், அதையெல்லாம் கழித்து 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவை மணிக்கு 13, 14தான்.

நாலு டிரிப்பரையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் இன்னும் வேகம் என்று தோன்றும். நான் அதைச் செய்திருக்கிறேன். சென்னையில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது, ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லாவுக்கு மேலே 11 ஸ்லிப் தொங்குகிறது, நாலு டிரிப்பரையும் வரிசையாக வைத்து ஒரே கெட்டிலோடு ஆரம்பித்தேன். நாலாவதற்கு முதல் ஊற்று முடிக்கும்போது முதலாவது ஒரு நிமிடத்துக்கு மேல் காய்ந்து கிடந்தது, மூன்றாவதில் கெட்டில் காலி, நிரப்பிச் சுட வைத்துத் திரும்பி வருவதற்குள் எல்லாமே கெட்டுப்போயிருந்தது. இருந்தும் அந்த நாலு கப்பையும் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாது. ஒரு பெரியவர் இரண்டு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கப்பை மூலையில் வைத்துவிட்டுப் போனார், அந்தக் கப் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நேரத்தில் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம்.

இனி தயாரிப்பு. இது சின்ன விஷயமாகத் தெரியும், அதிக நேரம் மிச்சமாவது இதில்தான். வெள்ளிக்கிழமை இரவே 40 சின்ன டப்பாவில் 15 கிராம் கொட்டையை நிறுத்துப் போட்டு மூடி வையுங்கள், முழுக் கொட்டை மூடின டப்பாவில் ஒரு ராத்திரி இருந்தால் ஒன்றும் ஆகாது. 40 பேப்பரையும் மடித்து அடுக்கி வையுங்கள். சக்கையைக் கொட்டும் தொட்டி டிரிப்பருக்கு நேர் கீழே இருக்க வேண்டும், இரண்டு அடி தள்ளி இருந்தால்கூட 40 தடவை நடப்பீர்கள். இடமிருந்து வலமாகப் போகட்டும்: டப்பா, கிரைண்டர், டிரிப்பர், கப். கிரைண்டரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வீட்டு உபயோகத்துக்கான சின்ன கிரைண்டர் என்றால் அரைக்க 20, 30 விநாடி எடுக்கும், தொடர்ந்து ஓட்டினால் சூடாகி நின்றும் போகலாம். காசு செலவழிக்க வேண்டுமென்றால் பாய்லருக்கு அடுத்து இதில் செலவழியுங்கள். அதுவரைக்கும் 10 மணிக்கு முன்பு ஒரு ஆறு அளவை அரைத்து இறுக்கி மூடி வைத்து முதல் அரைமணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அரைத்ததும் போட்டால்தான் காபி என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள், மூடி வைத்த அரைமணி நேரத் தூளைவிடச் சூடு குறைந்த தண்ணீர் பத்து மடங்கு கெடுக்கும் என்பது என் அனுபவம்.

டிரிப்பர் பீங்கானா? பார்க்க அழகு, ஆனால் குளிர்ந்த பீங்கான் சூட்டை உறிஞ்சிவிடும், உங்கள் ஊர் காலையில் அது கல் மாதிரி ஜில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் வி60 சூட்டை ரொம்பக் குறைவாகத்தான் எடுக்கும், விழுந்தாலும் உடையாது, விலையும் கம்மி. கூட்ட நேரத்தில் காபியைப் பிடிக்கக் கீழே வைக்கும் ஜாடியையும் விட்டுவிட்டு நேராகக் கப்பிலேயே வடியுங்கள், நனைத்த வெந்நீர் கப்பைச் சூடாக்கும், கழுவ ஒரு கண்ணாடிப் பாத்திரம் குறையும், தராசு இருப்பதால் அளவு தப்பாது. கொடுக்கும் முன் ஸ்பூனால் ஒரு கலக்கு கலக்குங்கள், அதை மட்டும் மறக்க வேண்டாம். முதலில் வடிவது கெட்டியாக அடியில் இருக்கும், கடைசியில் வடிவது லேசாக மேலே நிற்கும், கலக்காமல் கொடுத்தால் முதல் வாய் தண்ணி, கடைசி வாய் கசப்பு. ருசி மாறுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான்கு வகைக் கொட்டை விஷயம். சனி, ஞாயிறு காலை ஒன்றே ஒன்று வையுங்கள், அதிகம் போனால் இரண்டு. ஒவ்வொரு கொட்டைக்கும் கிரைண்டரை மாற்ற வேண்டும், பழைய தூளைத் தட்ட வேண்டும், அதைவிட முக்கியமாகக் கல்லாவில் நிற்பவரிடம் நாலுக்கும் வித்தியாசம் கேட்டு முடிவெடுக்க ஒவ்வொரு குடும்பமும் இரண்டு நிமிடம் எடுக்கும். வரிசை நீளுவது டிரிப்பரில் மட்டும் இல்லை, கல்லாவிலும்தான். அந்த ஒன்று எது என்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மலையிலேயே கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளைகிற பழனிமலைக் காபி. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அந்த மலைப்பாதையில் வண்டியில் ஏறி வந்தவர்களுக்கு, வழியில் மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு அடியில் பார்த்தீர்களே அந்தச் செடிதான் இது என்று சொல்லிக் கொடுத்தால் அவர்களுக்கு எத்தியோப்பியாக் காபியைவிட அது நெருக்கமாக இருக்கும், சொல்லி முடிக்க ஒரு வாக்கியம் போதும். மற்ற மூன்றும் மாலைக்கும் வார நாளுக்கும்.

தங்கையும் ஊற்ற வேண்டிய நிலைமை வந்தால், அல்லது சீசனுக்கு மட்டும் ஒரு பையனைச் சேர்த்தால், அவர்களை வி60ல் விடாதீர்கள். க்ளெவர் டிரிப்பர் என்று ஒன்று இருக்கிறது, வடிகட்டிதான், அடியில் வால்வு இருக்கும், கப் மேல் வைத்தால்தான் திறக்கும். 250 தண்ணீரை முதலில் ஊற்றி அப்புறம் 15 கிராம் தூளைப் போட்டு, ஒரு கலக்கு, மூடி, இரண்டரை நிமிடம் கழித்துக் கப் மேல் வைத்தால் வடிந்துவிடும். தூளைப் பின்னால் போடுவதால் பேப்பர் அடைப்பது குறைகிறது, வடிவது வேகமாகிறது. கைவேலை அரை நிமிடம்கூட இல்லை, ஊற்றும் கை யாருடையது என்பது ருசியில் தெரியவே தெரியாது. ஹரியோ ஸ்விட்சும் இதே வழிதான், ஆனால் அதில் சின்ன சைஸ் 250 மில்லியைக் கொள்ளாது, பெரியதாகப் பார்த்து வாங்குங்கள். ருசி வி60 அளவு துலக்கமாக இருக்காது, கொஞ்சம் மென்மையாக இருக்கும். கூட்டத்தில் எனக்கு அது சம்மதம்.

அந்த 40 பேரைப் பற்றியும் ஒரு சந்தேகம் இருக்கிறது. எத்தனை பேர் போர் ஓவர் வேண்டும் என்று கேட்டார்கள், எத்தனை பேர் பால் இல்லாத காபி என்று மெனுவில் தேடி அது ஒன்றுதான் இருக்கிறதே என்று கேட்டார்கள்? பத்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வகையினருக்கு லிட்டருக்கு 60 கிராம் கணக்கில் மொத்தமாக ஒரு டிரிப் மெஷினில் இறக்கி நல்ல பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள், ஒரு லிட்டர் தண்ணீரில் நாலு கப், ஆர்டர் வந்தால் பத்து விநாடி. மெஷினின் சூட்டுத் தட்டிலேயே வைத்தால் தீய்ந்த வாடை வந்துவிடும், பிளாஸ்க் கட்டாயம், 40 நிமிடத்துக்கு மேல் போனால் கொட்டிவிடுங்கள். நம் வீட்டில் காலையிலேயே டிகாக்ஷன் இறக்கி வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காபி கலந்து கொடுக்கவில்லையா, அந்த யோசனைதான். விலை போர் ஓவரில் பாதி வையுங்கள். 40ல் 15 இந்தப் பக்கம் வந்தாலே உங்கள் மூச்சு திரும்பிவிடும்.

தானாக ஊற்றும் மெஷின் கேட்டீர்கள். அமெரிக்காவின் போர்ஸ்டெடி, அயர்லாந்தின் மார்க்கோ எஸ்பி9 போன்றவை நல்ல மெஷின்கள், நாள் முழுக்க போர் ஓவரே ஓடுகிற பெரிய கடைகளுக்காகச் செய்தவை. வாரத்தில் ஆறு மணி நேரக் கூட்டத்துக்கு அவ்வளவு பணத்தை முடக்காதீர்கள், கெட்டுப்போனால் மலைமேல் வந்து சரிசெய்ய ஆளும் கிடைக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு போதும், பாய்லர், கிரைண்டர், நாலு க்ளெவர், இரண்டு பிளாஸ்க் எல்லாம் வந்துவிடும்.

கடைசியாகக் கல்லா, அதாவது உங்கள் தங்கை. அவர் நிறுத்தச் சொன்னதில் நியாயம் இருக்கிறது, திட்டு வாங்குவது அவர்தானே. ஸ்லிப்பில் ஆர்டர் வாங்கிய நேரத்தை எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஜோடி, அதாவது நாலு ஸ்லிப், தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்து வருபவரிடம் காசு வாங்கும் முன்பே "பத்து நிமிடம் ஆகும், அவசரம் என்றால் பிளாஸ்க் காபி இப்போதே தரேன்" என்று சொல்ல வேண்டும். முன்னாலேயே சொன்ன பத்து நிமிடத்தை மக்கள் ஏரியைப் பார்த்தபடி சந்தோஷமாகக் காத்திருப்பார்கள், சொல்லாத ஆறு நிமிடத்துக்குத்தான் கோபம் வரும். பால் காபி ஸ்லிப்பும் போர் ஓவர் ஸ்லிப்பும் ஒரே கம்பியில் தொங்கக் கூடாது. இரண்டு கம்பி, இரண்டு கை: மெஷின் பக்கம் தங்கை, டிரிப்பர் பக்கம் நீங்கள், கல்லாவுக்கு அந்த மூன்று மணி நேரம் மட்டும் வீட்டிலிருந்து ஒருவரை உட்கார வைக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் பால் நுரைக்கும் கையோடு தங்கையே பார்த்துக்கொள்ளலாம், கஷ்டம்தான், முடியும். ஊற்றிக்கொண்டிருக்கும் உங்களை மட்டும் யாரும் பாலெடுக்கக் கூப்பிடக் கூடாது, 20 விநாடித் தாளம் ஒருமுறை உடைந்தால் அந்த ஜோடியே போச்சு.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். வருகிற சனிக்கிழமைக்குப் பாய்லரும் 40 டப்பாவும் ஒரே கொட்டையும் மட்டும். 20 விநாடி ஜோடி முறையை அதற்கு முன் வியாழன், வெள்ளியில் வெறும் தண்ணீரில் ஒரு பத்து சுற்று ஓட்டிப் பழகுங்கள், தூள் வீணாகாது. க்ளெவரும் பிளாஸ்கும் அடுத்த வாரம். மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் கூட்டம் இரண்டு மூன்று மடங்கு வரும், அந்த நாட்களில் மட்டும் காலை 10லிருந்து 1 வரை க்ளெவரும் பிளாஸ்கும்தான், வி60 மாலை 4 மணிக்கு மேல் என்று வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்துவிடுங்கள்.